தெளியவிட்ட தண்ணீர்

2018 மார்ச் 2, வெள்ளிக்கிழமை, காலை ஏழு ஐம்பது. வானம் வெளுத்திருந்தது, காற்று அசையவில்லை, இரவுப் பனி வேன் கண்ணாடியில் இன்னும் ஈரமாக நின்றது. காஞ்சிபுரத்தில், ஓரிக்கைப் பக்கம் இருந்த எங்கள் நீர் ஆய்வுக்கூடத்தின் பின்வாசலில், வேனின் கடைசி இருக்கைக்கு அடியில் தலையை நுழைத்து நான் ஒரு பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை பன்னிரண்டு பாட்டில்கள் போயின. பதினொன்று திரும்பின. வியாழக்கிழமை முழுதும் அந்த ஒன்றுக்காக எல்லோரையும் நச்சரித்தேன். ஒரு பிளாஸ்டிக் பாட்டில் என்ன விலை இருக்கும் என்று முதலாளி சிரித்தார். விலை அல்ல விஷயம். எண்ணிக் கொடுத்தது எண்ணி வராவிட்டால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. வீட்டில் தீக்குச்சியைக்கூட எண்ணி வைப்பேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லுவாள். அது முழுப் பொய் அல்ல.

பாட்டில் இருந்தது. ஜாக்கிக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவே உருண்டுபோய்ச் சிக்கியிருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் காவி நிறத்தில் ஒரு படிவு. லேசாக ஆட்டினேன். மொத்தமும் செம்மண் கரைத்ததுபோல் ஆகிவிட்டது. வேன் கதவைச் சாத்தக்கூடத் தோன்றாமல் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதைப் படித்துவிட்டு, ஒரு பாட்டிலுக்கு இவ்வளவா என்று நினைக்கலாம். ஏன் என்று சொல்கிறேன்.

செய்யூருக்குக் கிழக்கே, கடற்கரைச் சாலையைத் தாண்டி, உப்பங்கழியை ஒட்டி ஒரு மீனவர் குப்பம். நாற்பத்தாறு வீடு. அந்தக் கடற்கரை அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால்தான் சாயப்பட்டறைத் தண்ணீரைச் சோதித்துப் பிழைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது. குப்பத்தில் குடிதண்ணீர் கிடையாது, பஞ்சாயத்து லாரியில்தான் வரும். அதற்கு முடிவு கட்ட மணல்மேட்டில் கிணறு தோண்டி மோட்டார் வைத்தார்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்ததில் சுத்தமாக இருந்தது. ஆனால் கிணற்றுக்கு வடக்கே, கழியோரத்தில், மூடிக் கிடந்த ஒரு பழைய பட்டறை இருந்தது. கம்பங்களையும் படகு மரங்களையும் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய இடம். அந்த மருந்தில் ஆர்சனிக் உண்டு. பட்டறைக்கும் கிணற்றுக்கும் நடுவே சேற்றுவெளி. கடல் ஏற்றத்தில் மூழ்கும், வற்றத்தில் வெளியே தெரியும் கருஞ்சேறு. அந்தச் சேற்றுக்குள் இருக்கும் தண்ணீரில் ஆர்சனிக் கரைந்திருக்கிறதா? கிணறு தோண்டிய அரசு அலுவலகம் எங்களிடம் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

சேறு அடைத்துக்கொண்டு கிடக்கும், அதற்குள் எதுவும் நகராது என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்போம். அப்படி இல்லை. சேறு முழுக்க நண்டு வளை. ஏற்றத்தில் கடல்நீர் வளைகள் வழியாக உள்ளே இறங்கும். வற்றத்தில் கழியின் கரையோரமாகக் கசிந்து வெளியே வரும். அதில் கரைந்திருப்பது கொஞ்சம் முன்னே போகும், கொஞ்சம் பின்னே வரும், நாளைக்கு இரண்டு தடவை. இரண்டையும் கழித்துப் பார்த்தால் நகர்வது மிகக் கொஞ்சம், அதுவும் கழியை நோக்கி. ஆனால் பக்கத்தில் ஒரு மோட்டார் நாள் முழுக்க இழுக்க ஆரம்பித்தால் கதை மாறும். கழிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது கிணற்றுப் பக்கம் திரும்பும். முதல் வாரம் தெரியாது. முதல் மாதமும் தெரியாமல் போகலாம். மணலுக்குள் நிற்கும் நல்ல தண்ணீர் தீரத் தீர, பின்னால் வருவது சேற்றுத் தண்ணீர். ஆர்சனிக்குக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் இல்லை. குடிப்பவர்களுக்குப் பல வருடம் கழித்து உள்ளங்கையில் தடித்த புள்ளிகளாகத்தான் தெரியும்.

வியாழன் மாலை எங்கள் அறிக்கை போய்விட்டது. பதினோரு இடத்திலும் ஆர்சனிக் கண்டறியும் அளவுக்குக் கீழே. கையெழுத்து என்னுடையது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் குப்பத்தில் விழா வைத்து முதன்முதலாக மோட்டார் போடுகிறார்கள்.

இப்போது பாட்டிலுக்கு வருகிறேன். எங்கள் கூடத்தில் பல வருட வழக்கம் ஒன்று இருந்தது. எந்தத் தண்ணீர் வந்தாலும் இரவு முழுக்க அசையாமல் வைத்து, காலையில் மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துச் சோதிப்போம். ஏற்படுத்தியவர் எங்கள் தலைமை வேதியியலாளர். மேடம் என்றே எல்லோரும் அழைப்போம். என்னைவிட ஆறு வயது இளையவர், ஆனால் எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்ததில் பாதி அவரிடம் தெரிந்துகொண்டது. அந்த வழக்கத்துக்குத் தக்க காரணம் இருந்தது. சாயப்பட்டறைத் தண்ணீரில் பட்டுப் பிசிறு இருக்கும், சோப்புப் போட்டு அவித்தெடுத்த நூலின் பசை இருக்கும். அப்படியே கருவியில் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். பிசிறு கீழே தங்கிவிட்டால், சாயமும் உப்பும் மேலே தண்ணீரில்தான் நிற்கும். தேடுவது எதுவும் தொலையாது. பட்டு நெய்கிற ஊருக்கு அது சரியான வழி. அதையே கடற்கரைச் சேற்றுத் தண்ணீருக்கும் செய்தோம். செய்யலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே எது வந்தாலும் தெளியவிடுவதுதானே வழக்கம்.

சேற்றுக்குள் காற்று கிடையாது. காற்றில்லாத தண்ணீரில் இரும்பு நிறமில்லாமல் கரைந்திருக்கும். வெளியே எடுத்துப் பாட்டிலில் ஊற்றியதும் காற்றுப் பட்டுத் துருவாகும். துரு கீழே இறங்கும்போது ஆர்சனிக்கையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். மறுநாள் காலை மேலே நிற்கும் தண்ணீர் அப்பழுக்கில்லாமல் இருக்கும். நாங்கள் சோதித்தது அதை. அடியில் இருந்ததைக் கழுவிக் கொட்டிவிட்டோம். பாட்டில்களை அன்றன்றைக்கே கழுவி எண்ணி அடுக்க வேண்டும் என்பது என் கண்டிப்பு. பன்னிரண்டில் தப்பியது, தொலைந்துபோன இந்த ஒன்றுதான்.

எட்டே காலுக்குத் திவ்யா வந்தாள். புதன்கிழமை சேற்றில் இறங்கி மாதிரி எடுத்தவள், வேலைக்கு வந்து இரண்டு வருடம். பாட்டிலைக் காட்டி, எடுக்கும்போது என்ன நிறம் என்று கேட்டேன். நிறமே இல்லை என்றாள். பிறகு, "சேறு கலந்து வந்திருக்கும் சார்" என்றாள்.

"அங்க சேறு என்ன நிறம்மா?"

"கறுப்பு" என்றாள். சொன்னதும் அவளுக்கே புரிந்துவிட்டது. சுவரோரம் நகர்ந்து, கழுவி அடுக்கியிருந்த பதினொன்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேடம் அன்று வேலூரில் மகள் வீட்டில் இருந்தார். போனில் சொன்னேன். முதலில் அவர் கேட்டது, பாட்டில்களின் அடியில் இருந்ததை என்ன செய்தீர்கள் என்று. கழுவிவிட்டோம் என்றேன்.

எனக்கு ஒரு வழி தோன்றியிருந்தது, அதைச் சொன்னேன். இந்த ஒரு பாட்டிலில் அமிலம் விட்டால் துரு மொத்தமும் கரைந்துவிடும். கருவியில் வைத்தால் பதினோரு மணிக்குள் ஒரு எண் கையில் இருக்கும். பெரிய எண்ணாகத்தான் இருக்கும். அதைக் காட்டினால் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள்.

"அடியில ஒரு சிட்டிகை கறுப்புச் சேறும் கிடக்கும், இல்லையா சார்? அமிலம் விட்டா அதுல ஒட்டியிருக்கிறதும் சேர்ந்து கரைஞ்சு வந்துரும். எது தண்ணியில இருந்தது, எது சேத்துல இருந்ததுன்னு உங்களால பிரிச்சுச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார் மேடம்.

முடியாது என்றேன்.

"அப்ப அதுவும் நேத்து குடுத்த மாதிரி ஒரு நம்பர்தான். நேத்துது நமக்கு வசதியா இருந்துச்சு, இது உங்க பயத்துக்கு வசதியா இருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. வேலூரில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடலாம், நான்கு மணிக்கு அங்கே நிற்கப் போவது நான். ஆனாலும் போனை வைத்த பிறகு அந்தப் பாட்டிலில் நான் அமிலம் விடவில்லை. சொல்லப்போனால் அன்று நான் எடுத்த முடிவுகளில் இதுதான் கடினமானது. மற்றவை பயத்தில் தாமாக நடந்தன.

முதலாளி சொன்னதை உங்களிடம் மறைக்க மாட்டேன், ஏனென்றால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. போங்கள், சரியாக எடுத்து வாருங்கள், மேடம் ஊரிலிருந்து வந்து செவ்வாய்க்கிழமை எண் கொடுத்துவிடுவார் என்றார். அதுவரை வாயைத் திறக்க வேண்டாம். கிணற்றில் இப்போது இருப்பது நல்ல தண்ணீர்தான் என்று நீங்களே சோதித்திருக்கிறீர்கள், நாலு நாள் மோட்டார் ஓடினால் யாரும் சாகப் போவதில்லை. "கையில நம்பர் இல்லாம அங்க போயி இன்னா சொல்லுவீங்க? தெரியாதுன்னா? தெரியாதுன்னு சொல்றதுக்கா நம்மளுக்குக் காசு குடுத்தாங்க?"

நாலு நாளில் ஒன்றும் ஆகாது என்பது ஏறக்குறைய உண்மை. ஆனால் ஓடாத மோட்டாரை நிறுத்தி வைப்பது வேறு, ஓடுகிற மோட்டாரை நிறுத்துவது வேறு. பொன்னாடை போட்டு, போட்டோ எடுத்து, நாற்பத்தாறு வீட்டிலும் குடம் நிறைந்த பிறகு, செவ்வாய்க்கிழமை ஒரு காகிதத்தைக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னால் யார் கேட்பார்கள்? இன்னொரு சோதனை கேட்பார்கள். அதற்குப் பிறகு இன்னொன்று. மோட்டார் அதுபாட்டுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். இதை முதலாளியிடம் சொன்னேன். உங்கள் இஷ்டம், ஆனால் கூடத்தின் பெயரைச் சொல்லாதீர்கள் என்று உள்ளே போய்விட்டார்.

அன்று பௌர்ணமியை ஒட்டிய நாள், வற்றம் நன்றாக இறங்கும். கழியில் மூன்று மணி வாக்கில் அடி வற்றம் என்று திவ்யா கணக்குப் பார்த்துச் சொன்னாள். அதற்குள் அங்கே இருக்க வேண்டும். இதில் ஒரு தடை. சேற்றுத் தண்ணீரைக் காற்றுப் படாமல் சிரிஞ்சில் உறிஞ்சி, நின்ற இடத்திலேயே வடிகட்டி, உடனே அமிலம் விட வேண்டும். சிரிஞ்சில் மாட்டுகிற அந்தச் சின்ன வடிகட்டி எங்களிடம் ஒன்றுகூட இல்லை. தெளியவிடுகிறவர்களுக்கு வடிகட்டி எதற்கு? ஏனாத்தூரில் கல்லூரிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியரிடம் இருக்கும். ஆனால் ஏனாத்தூர் ஊருக்கு அந்தக் கடைசியில், நாங்கள் இந்தக் கடைசியில், நடுவே மாசி உற்சவம்.

ராஜ வீதிப் பக்கம் அடைத்துவிட்டார்கள் என்று தெரிந்தும் டிரைவர் உள்ளே விட்டுவிட்டார். நாதஸ்வரம் கேட்டதும் வேன் நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. சாமி மெதுவாக வந்தது. வீட்டுக்கு வீடு நின்றது, தட்டுக்குத் தட்டு தீபாராதனை. நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் கும்பிடுவதுமாக இருந்தேன். திவ்யா இறங்கி நடந்தே போய், அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ பிடித்து ஏனாத்தூர் போய்விட்டாள். எனக்குத் தோன்றவே இல்லை. சாமி கடந்துபோய் நாங்கள் ஏனாத்தூர் சேர்ந்தபோது, மணி பதினொன்று இருபது, சாலையோர நிழலில் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தனை குடுத்தாரும்மா?"

"பன்னெண்டு இருந்துச்சாம் சார். நாலு அவங்க ப்ராஜெக்டுக்கு வேணுமாம். எட்டுதான்."

எட்டு. வழியில் வாலாஜாபாத், செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன, நான் எட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு இடத்திலும் எடுக்க முடியாது. ஒரு இடத்தில் கை தவறினால் வீணாகப் போகும், அதற்கு மூன்று ஒதுக்க வேண்டும். ஆக ஐந்து இடம். எந்த ஐந்து? பட்டறையை ஒட்டி ஒன்று, கிணற்றை ஒட்டி ஒன்று, இடையில் நேர்கோட்டில் மூன்று. கழிப் பக்கம் இருந்த ஏழு இடங்களையும் கைவிட்டேன். வேறு நாளாக இருந்தால் இப்படி விடுவதற்கு எனக்கு உடம்பெல்லாம் கூசியிருக்கும்.

இரண்டு பத்துக்குச் சேற்றில் இறங்கினோம். குழாயை அழுத்தி, சிரிஞ்சை மாட்டி, மிக மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் நண்டு வளை வழியாகக் காற்றுக் குமிழி வந்துவிடும். முதல் இடத்திலேயே வந்தது. கொட்டிவிடு என்றேன். ஒரு சின்னக் குமிழிதானே என்று திவ்யா கெஞ்சினாள். கொட்டச் சொன்னேன். அவள் முழங்கால் வரை புதைந்திருந்தாள், வெயில் மண்டையைப் பிளந்தது, நான் அமிலப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மணியைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில், "டைம் சொல்லாதீங்க சார், வேகமா இழுத்துருவேன்" என்றாள். நிறுத்திக்கொண்டேன்.

ஐந்தாவது இடம் பட்டறையை ஒட்டியது. அங்கே உறிஞ்சும்போது எங்களைச் சுற்றி நண்டு வளைகளில் களக் களக் என்று சத்தம் வந்தது. ஏற்றம் திரும்பிவிட்டது. கழியில் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே சேற்றுக்குள் ஏறிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் சிரிஞ்சில் வருவது புதுக் கடல்நீர். அது நேற்றைய அறிக்கையைப் போலவே சுத்தமாக இருக்கும். திவ்யா கடைசித் துளியை வடிகட்டினாள், நான் அமிலம் விட்டு மூடியைத் திருகினேன். ஐந்து பாட்டில், வடிகட்டி மீதி இரண்டு.

கரையேறும்போது திவ்யா ஒரு காலிப் பாட்டிலில் அந்த இடத்துத் தண்ணீரை வடிகட்டாமல், அமிலமும் விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நான்குக்குப் பத்து நிமிடம் இருந்தது. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக் செட். உதவிப் பொறியாளர் ஒரு இளைஞர், கிணறு தோண்ட ஓடியாடியவர், புதுச் சட்டை போட்டிருந்தார். தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது என்கிறீர்களா என்றார். தெரியாது என்றேன். இல்லை என்கிறீர்களா? அதுவும் தெரியாது. நேற்று இல்லை என்று எழுதியது தப்பு, அது மட்டும் தெரியும். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்றார். வேன் பானட்டில் வைத்து இரண்டு வரி எழுதினேன்: நேற்று கொடுத்த அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதிலாகத் தருவதற்கு இப்போது என்னிடம் எண் எதுவும் இல்லை. கூடத்தின் பெயரை எழுதவில்லை, என் பெயரைத்தான் எழுதினேன். அவர் காகிதத்தோடு ஓரமாகப் போய் மேலிடத்துக்குப் போன் போட்டார்.

அதற்குள் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவள் கன்னியம்மா. நண்டு விற்பவள், மகளிர் குழுத் தலைவி, இந்தக் கிணற்றுக்காக எத்தனையோ முறை காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறி மனுக் கொடுத்தவள். இடுப்பில் குடம்.

"இன்னா சார், நேத்து சுத்தம்னு எழுதிக் குடுத்தியாம். இன்னிக்கு வந்து குசுகுசுன்னு பேசிக்கினு இருக்கற. ராத்திரியில தண்ணி கெட்டுப்பூடுச்சா?"

சிலர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு அல்ல. எங்கள் தவறு என்று சொன்னேன், எப்படி நடந்தது என்றும் சொன்னேன். யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கிணற்றைத் தடுக்க யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள் என்று பின்னால் ஒரு ஆண் குரல் சொன்னது. இந்த ஆளின் சட்டைப் பையில் என்ன இருக்கிறது பாருங்கள் என்று இன்னொரு குரல்.

அப்போது திவ்யா அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள். அரை மணிக்கு முன் நிறமில்லாமல் எடுத்தது, இப்போது கலங்கிக் காவியேறிக்கொண்டிருந்தது. "பாருங்க, இதுதான் அந்தச் சேத்துக்குள்ள இருக்கிற தண்ணி. எடுக்கும்போது க்ளியரா இருந்துச்சு" என்றாள். கூட்டம் அடங்கிவிட்டது. ஒரு பெண் தன் குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும், எங்கள் காரியம் முடிந்துவிட்டது.

எனக்கு மேடம் காலையில் சொன்னது காதில் விழுந்தது.

"இது வெறும் துரும்மா" என்றேன். "இரும்பு. காத்துப் பட்டா எந்தச் சேத்துத் தண்ணியும் இப்படித்தான் ஆகும். இதுக்குப் பயப்பட வேணாம். நான் பயப்படறது கண்ணுக்குத் தெரியாதது. அது இருக்குதா இல்லையான்னு எனக்கு இன்னிக்குத் தெரியாது. நாலு நாள்ல தெரியும்."

திவ்யா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. கையில் வந்த காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கன்னியம்மா குடத்தை இறக்கிக் கீழே வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத்தினி வருசத்துல எங்ககிட்ட வந்து தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீதான் சார்" என்றாள். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "சரி, தெரியாது. தெரியற வரிக்கும் நாங்க இன்னாத்த குடிக்கறது?"

லாரி வருமே என்றேன். அப்போதுதான் தெரிந்தது. கிணறு வந்துவிட்டது என்று லாரி ஒப்பந்தத்தைப் பிப்ரவரியோடு முடித்துவிட்டார்கள். கடைசி லாரி புதன்கிழமை வந்தது. நாங்கள் சேற்றில் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்த அதே நாள். குடங்களில் இருந்தது அன்று இரவு வரைதான் வரும்.

பொறியாளர் போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். அவரால் லாரிக்கு உத்தரவு போட முடியாது. முதலாளி கூடத்தின் பெயரையே சொல்லாதே என்றவர். மேடம் வேலூரில். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் நான் எதையும் கணக்குப் போடவில்லை. என் வாழ்நாளில் அப்படி இருந்த நிமிடங்கள் குறைவு.

"முடிவு வர வரைக்கும் லாரித் தண்ணி என் பொறுப்பு" என்றேன்.

"உம் பொறுப்புன்னா? ஆபீசா, நீயா?"

"நான்."

கன்னியம்மா தலையை ஆட்டிவிட்டு, சாமியானா ஆட்களைப் பார்த்து மைக்கை அவிழ்க்கச் சொன்னாள். பொறியாளர் மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். மோட்டாரைத் தொடங்கி வைக்க வந்த பஞ்சாயத்துத் தலைவர் பாதி வழியிலேயே திரும்பிப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் கிளம்பும்போது யாரும் வழியனுப்பவில்லை. திவ்யா செங்கல்பட்டு தாண்டும்வரை என்னோடு பேசவில்லை. தாண்டியதும், "ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அப்படி வந்தால் சந்தோஷமாக லாரிக் காசைக் கொடுத்துவிட்டு ரிட்டயர் ஆகிவிடுவேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் வேடிக்கைக்காகச் சொல்லவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மேடமே வந்து கருவியில் உட்கார்ந்தார். கிணற்றை ஒட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்ததில் லேசாக. நடுவில் இருந்ததில் குடிநீருக்கு அனுமதித்த அளவுக்கு மேல். பட்டறைப் பக்கம் போகப் போக, பல மடங்கு. ஐந்தையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் கிணற்றை நோக்கி இறங்குகிற ஒரு சரிவு. மோட்டார் செய்ய வேண்டியிருந்தது இழுப்பது மட்டும்தான். மேடம் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்துபோய், தெளியவிடுவது பற்றிச் சுவரில் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்த விதியின் கீழே, "சாயப்பட்டறைத் தண்ணீருக்கு மட்டும்" என்று சேர்த்து எழுதினார்.

உங்களுக்கும் உங்கள் இடத்தில் இப்படி ஒரு வழக்கம் இருக்கும். கெட்ட வழக்கமாக இருந்தால் யாராவது எப்போதோ பிடித்திருப்பார்கள். நல்ல வழக்கம்தான் ஆபத்து, அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. வேறு ஊர்த் தண்ணீர் வாசலுக்கு வரும்போது, இந்த வழக்கம் எந்தத் தண்ணீருக்காக உண்டானது என்று ஒரு தடவை கேளுங்கள். பாட்டிலைக் கழுவுவதற்கு முன்னால் கேளுங்கள்.

எங்கள் எண்ணை அந்த அரசு அலுவலகம் உடனே ஏற்கவில்லை. ஒரு தடவை தப்பாகக் கொடுத்தவர்கள் இரண்டாவது தடவை சரியாகக் கொடுத்தோம் என்றால் யார் நம்புவார்கள்? வேறு ஆய்வுக்கூடத்தை அனுப்பினார்கள், அவர்கள் அடுத்த நல்ல வற்றத்துக்குக் காத்திருந்தார்கள். கடைசியில் அவர்களுக்கும் அதே சரிவுதான் வந்தது. அதற்குப் பிறகுதான் பஞ்சாயத்து லாரி மறுபடி ஓடியது, சாலைக்கு மேற்கே வேறு கிணற்றுக்கு இடம் பார்த்தார்கள். எங்கள் கூடத்துக்கு அந்த அலுவலகத்தின் வேலை அந்த வருடம் வரவில்லை. முதலாளி என்னோடு பல நாள் நேராகப் பேசவில்லை. லாரிச் செலவைக் கேட்டுப் பார்த்தேன். கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

நான் நினைத்தது நான்கு நாள், இரண்டு லாரி. ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று மார்ச் 3 முதல் 25 வரை பன்னிரண்டு லாரி போயின. பேரம் பேசிப் பார்த்தேன், லாரிக்காரர் ஆயிரத்து நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கவில்லை. பன்னிரண்டாவதற்குப் பணம் கட்டப் போனபோது வாங்க மறுத்துவிட்டார். கன்னியம்மா நாற்பத்தாறு வீட்டிலும் வசூல் செய்து முந்தின நாளே கட்டிவிட்டாளாம். ஆகவே என் கணக்கில் பதினோரு லாரிதான். பன்னிரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.